விழுந்த பல்லை முளைக்க வைக்கும் மருந்து உண்மையா?

‘விழுந்த பல்லை மறுபடி முளைக்க வைக்கும் மருந்தை ஜப்பானில் கண்டுபிடித்துவிட்டார்களாமே?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை. எலியிலும், கீரி போல ஒல்லியான ஃபெர்ரெட் என்ற பிராணியிலும் பலித்திருக்கிறது. மனிதரில் இனிமேல்தான் தெரியவேண்டும்.

தாடைக்குள் பல் மொட்டு வளர பி.எம்.பி., விண்ட் என்ற சமிக்ஞைகள் வேண்டும். யூசேக்-1 என்ற புரதம் இரண்டையும் அடக்கிவைக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் கட்சு தகாஹாஷியின் கியோட்டோ பல்கலைக்கழகக் குழு அந்தப் புரதத்தின் கையைக் கட்டிப்போட ஓர் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி: குறிப்பிட்ட ஒன்றில் போய் ஒட்டிக்கொள்ளும் புரதம்) தயாரித்தது. பிறவியிலேயே பல் குறைந்த எலிகளில் ஒரே தவணை மருந்தில் முழுப் பல்லே வளர்ந்தது. அப்புறம் ஃபெர்ரெட். அதற்கும் நம்மைப் போலப் பால் பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் (எலிக்கு அந்தக் கதையே கிடையாது). அதன் முன்பல் வரிசையில் கூடுதலாக ஒரு பல் வந்தது. இதெல்லாம் 2021-இல் வெளியான முடிவுகள்.

2024-இல் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில், பல் இழந்த 30 முதல் 64 வயது ஆண்கள் 30 பேரிடம் சோதனை தொடங்கியது. முதலில் பார்ப்பது மருந்து பாதுகாப்பானதா என்பதைத்தான். அடுத்த இலக்கு, பிறவியிலேயே பல பற்கள் இல்லாத குழந்தைகள். சொத்தையில் பல் போன நாமெல்லாம் வரிசையில் கடைசி. பல் டாக்டர் இம்ப்ளாண்ட் போடச் சொல்லியிருந்தால், இதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.