பரணில் கிடைத்த 'பீனோ': வாசகர் கேள்விகள்

லண்டனில் உள்ள உறவினர் வீட்டுப் பரணில் 'பீனோ' என்ற பிரிட்டிஷ் சிறுவர் காமிக்ஸ் வார இதழின் முதல் இதழ் கிடைத்திருக்கிறது. பல லட்சம் போகும் என்கிறார்கள். நம்பலாமா? (மதுரை வாசகர்)

அசலாக இருந்தால் நம்பலாம். ஆனால் முதல் இதழின் நகல் பதிப்புகள் பின்னாளில் வெளிவந்திருக்கின்றன. பரணில் கிடைப்பது பெரும்பாலும் அவைதான். அட்டையைப் பாருங்கள். 1938 ஜூலை 30 தேதி, 2 பென்ஸ் விலை, பிக் எகோ என்ற நெருப்புக்கோழி, எல்லாம் இருக்கும். நகலிலும் இவை அப்படியே இருக்கும் என்பதால் அடுத்த சோதனை தாளில்தான். அசல் செய்தித்தாள் காகிதம்; பழுப்பு நிறம் ஓரத்தில் அடர்ந்து உள்ளே போகப் போக வெளுக்கும். பக்கம் முழுக்க ஒரே சீரான பழுப்பு என்றால் அது அச்சிட்ட பழுப்பாக இருக்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் கறுப்புக் கோடுகளைப் பாருங்கள். அசலில் கோடு முழுமையாக, மை அழுந்திய விளிம்போடு தெரியும். கோடே பொடிப் புள்ளிகளாக உடைந்தால் பழைய பிரதியை ஸ்கேன் செய்து அச்சிட்டது என்று அர்த்தம். உள்ளே டென்னிஸ் என்ற குறும்புக்காரச் சிறுவன் இருந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், அது அசல் இல்லை. அவன் வந்ததே 1951இல்.

விலை ஏறக் காரணம், யாரும் சேர்த்து வைக்கவில்லை என்பதுதான். படித்து, நண்பனோடு மாற்றிக்கொண்டு, கிழிந்ததும் எறிவதற்காகவே அச்சான சரக்கு இது. போர்க்காலத்தில் பழைய தாளைச் சேகரித்துக் கொடுக்கும்படி இந்த இதழ்களே சிறுவர்களிடம் கேட்டன. தாள் தட்டுப்பாட்டால் 1941 முதல் 1949 வரை பீனோவும் அதே பதிப்பகத்தின் 'டாண்டி'யும் வாரம் மாற்றி வாரம்தான் வந்தன. இலவச இணைப்பு மிஞ்சியிருப்பது இன்னும் அபூர்வம். 2004இல் டாண்டி முதல் இதழ் (1937 டிசம்பர் 4) ஒன்று 20,350 பவுண்டுக்கு ஏலம் போனது. கூடவே அதன் தகர விசிலும் இருந்தது.

1960களின் 'லயன்', 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் இதழ்கள் ஒரு கட்டு வைத்திருக்கிறேன். தொட்டாலே ஓரம் உதிர்கிறது. லேமினேட் செய்துவிடலாமா? (சென்னை வாசகி)

வேண்டவே வேண்டாம். உள்ளே போன தாளைச் சேதமில்லாமல் மீட்க வழியில்லை. உள்ளிருக்கும் அமிலமும் தன் வேலையை நிறுத்தாது. மலிவான மரக்கூழ்த் தாளில் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும், அமிலம் சுரக்கும், தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். பூச்சி போகட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் காயவைக்கும் பழக்கம் இதை விரைவுபடுத்தவே செய்யும்.

ஒவ்வொரு இதழையும் பாலியெஸ்டர் உறையில், பின்னால் அமிலமில்லாத அட்டை வைத்துப் போடுங்கள். பிவிசி உறை கூடாது. நாளாவட்டத்தில் அது கசிந்து மையோடு ஒட்டிக்கொள்ளும். இவை அளவில் பெரியவை, தாளோ மெலிது. புத்தகம் போல நிறுத்தினால் வளைந்து மடிப்பு விழும். எனவே படுக்கவைத்து, சிறு அடுக்குகளாக வையுங்கள். மர அலமாரியைவிட இரும்பு பீரோ நல்லது, ஏனெனில் மரமும் அமில ஆவி விடும். வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். ஈரப்பதம் ஏறினால் இராமபாணப் பூச்சியும் பூஞ்சையும் வரும். சிலிக்கா ஜெல் பைகளை மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் பசை ஊறி, நிரந்தரக் கறை விழும். துருப்பிடித்த பின்னை உட்புறமாக மெல்ல நிமிர்த்தி எடுக்கலாம், விற்கும் எண்ணம் இல்லையென்றால்.

இரும்புக்கை மாயாவி நம் ஊர்ச் சரக்கா, வெள்ளைக்காரச் சரக்கா? (விருதுநகர் வாசகர்)

பிரிட்டிஷ் கதை, வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெஸூஸ் பிளாஸ்கோ. 1962 அக்டோபரில் 'வேலியண்ட்' முதல் இதழிலேயே 'ஸ்டீல் க்ளா' என்ற தொடராகத் தொடங்கியது. வலக்கையை இழந்த லூயிஸ் கிராண்டல் இரும்புக் கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், கை மட்டும் தெரியும். ஆரம்பத்தில் அவன் நல்லவன் இல்லை. திருட்டிலும் நாசவேலையிலும் இறங்கியவன், பிறகுதான் உளவாளியானான். 1972இல் முத்து காமிக்ஸ் இவனைத் தமிழில் கொண்டுவந்ததும் மாயாவி ஆனான். பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளை நிழல்களுக்கு வண்ணம் தேவைப்படவே இல்லை. வண்ணம் பூசிய மறுபதிப்புகளைவிடக் கறுப்பு வெள்ளையே சிறந்தது என்பது எங்கள் கட்சி.

ஒரே தொடர் திடீரென்று வேறு பெயருள்ள இதழில் தொடர்கிறதே, ஏன்? (கோவை வாசகர்)

விற்பனை சரிந்த இதழை மூடினால் மிச்ச வாசகர்களும் போய்விடுவார்கள். அதனால் பதிப்பகம் அதைத் தன்னுடைய வேறொரு இதழோடு இணைத்துவிடும். 'உள்ளே மகத்தான செய்தி!' என்று அட்டை கூவினால் விவரம் தெரிந்த சிறுவன் வயிற்றைப் பிடித்துக்கொள்வான். 1969இல் 'ஈகிள்' லயனுக்குள் போனது, 1974இல் லயன் வேலியண்டுக்குள், 1976இல் வேலியண்ட் 'பேட்டில்' இதழுக்குள். விழுங்கப்பட்ட பெயர் சில காலம் தலைப்பில் சிறிய எழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், பிறகு சத்தமில்லாமல் காணாமல் போகும். தொடரை முழுமையாகச் சேர்க்க நினைப்பவர் இணைப்புத் தேதியைக் குறித்துக்கொண்டு, அடுத்த இதழின் பெயரில் தேட வேண்டும்.

இன்றைய பிள்ளைகளுக்கும் பீனோ பிடிக்கிறதே, எப்படி? (யாழ்ப்பாணம் வாசகி)

டென்னிஸோ, குறும்புச் சிறுமி மின்னி தி மின்க்ஸோ திருந்துவதில்லை. பழைய இதழ்களில் கடைசிக் கட்டத்தில் அடி விழும், அடுத்த வாரம் அதே குறும்பு. செருப்படி பின்னாளில் நின்றுபோனாலும் கணக்கு மாறவில்லை. பெரியவர்கள் போதிக்க வந்தால் அவர்கள்தான் கோமாளி. இன்னொன்று, பக்கத்தின் நெரிசல். 1950களில் லியோ பாக்ஸெண்டேல் வரைந்த 'பாஷ் ஸ்ட்ரீட் கிட்ஸ்' வகுப்பறையில் கதைக்குச் சம்பந்தமில்லாத பத்துக் கூத்துகள் மூலைகளில் நடக்கும். ஒரே பக்கத்தை மூன்று முறை படிக்க வைக்கும் வித்தை அது. இத்தனைக்கும் ஓவியர் பெயரை அச்சிடும் வழக்கம் பீனோவை வெளியிடும் டி.சி. தாம்சன் நிறுவனத்தில் அப்போது இல்லை. டட்லி வாட்கின்ஸ் போன்ற வெகுசிலருக்குத்தான் கையெழுத்திட அனுமதி.

டாண்டி இன்னும் வருகிறதா? (சேலம் வாசகர்)

வார இதழாக இல்லை. அச்சு இதழ் 2012 டிசம்பர் 4 அன்று, சரியாக 75 வயதில் நின்றது. ஆண்டு மலர் மட்டும் தொடர்கிறது. வாங்கும்போது கவனம்: அட்டையில் 2020 என்றிருந்தால் அது 2019இல் கிறிஸ்துமஸுக்கு முன்பே கடைக்கு வந்தது.