மலைத் தோட்டத்துக்குப் பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் எடுக்கலாமா? எடுத்தால் எதை, எப்படிப் பார்த்து வாங்குவது?

உங்கள் தேவையாக நீங்கள் எழுதியிருப்பது: தாண்டிக்குடிப் பக்கம் காபி, மிளகுத் தோட்டம், மழைக்காலத்தில் சறுக்கும் மண்பாதை, மூட்டை இறக்கவும் வேண்டும், குடும்பத்தோடு போகவும் வேண்டும், புது வண்டிக்குப் பணம் போதாது. எடுக்கலாம். ஆனால் நம் ஊரில் இந்த வகையில் தேர்வு மிகக் குறைவு, அதனால் மாடலைத் தேடுவதில் நாளைக் கழிக்காமல், கிடைக்கிற வண்டியின் அடிப்பாகத்தைச் சோதிப்பதில் நேரத்தைச் செலவிடுங்கள்.

பழைய சந்தையில் உங்கள் கண்ணில் படப்போவது பெரும்பாலும் ஐசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், மஹிந்திரா பொலேரோ கேம்பர் ஃபோர் வீல் டிரைவ், எப்போதாவது மஹிந்திரா ஸ்கார்பியோ கெட்அவே, டாடா ஜெனான். கடைசி இரண்டும் உற்பத்தி நின்றுபோனவை. இன்ஜின் சாமான் கிடைத்துவிடும், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் இழுவையை முன், பின் அச்சுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), முன் அச்சு சாமான்களுக்குத்தான் அலைய வேண்டியிருக்கும். டொயோட்டா ஹைலக்ஸ் 2022இல்தான் இங்கே வந்தது, விலை இன்னும் இறங்கவில்லை.

மூட்டைதான் முதல் வேலை என்றால் கேம்பர் போதும். வசதி கிடையாது, ஆனால் எந்தச் சின்ன ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். குடும்பமும் நெடுஞ்சாலையும் சேர்ந்தால் வி-கிராஸ். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வி-கிராஸ் 5.3 மீட்டர் நீளம். கொண்டை ஊசி வளைவும், தோட்டத்துக்குள் திருப்பும் இடமும் அந்த நீளத்துக்குத் தாங்குமா என்று டேப் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வி-கிராஸில் முக்கியமாக இரண்டு இன்ஜின். 2016இல் வந்த பிஎஸ் 4 (பிஎஸ் என்பது புகை அளவு விதி) வண்டியில் 2.5 லிட்டர் இன்ஜின், 5 கியர். 2021 மே மாதம் வந்த பிஎஸ் 6 வண்டியில் 1.9 லிட்டர் இன்ஜின், 163 குதிரைத்திறன். இடையில் 2019இல் 1.9 லிட்டர் ஆட்டோமேட்டிக் ஒன்று பிஎஸ் 4 ஆகவே வந்தது. பிஎஸ் 6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் அமலானதால் சுமார் ஓராண்டு இந்த வண்டி விற்பனையில் இல்லை. "2020 கடைசி மாடல்" என்று யாராவது சொன்னால் ஆர்.சி.யில் உற்பத்தி மாதத்தை முதலில் பாருங்கள். தோட்ட வேலைக்கு என் ஓட்டு பழைய 2.5க்குத்தான். பிஎஸ் 6 டீசலில் புகைக்கரி வடிகட்டி உண்டு; தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி நிறுத்தினால் கரி எரிந்து தீராமல் அடைத்துக்கொள்ளும்.

ஏமாறக்கூடிய இன்னொரு இடம்: ஐசுசுவின் ஹை-லேண்டர், எஸ்-கேப் இரண்டும் வெளியே பார்க்க இதே ஜாடை, பின்சக்கரம் மட்டும் இழுப்பவை. வி-கிராஸிலேயே ஃபோர் வீல் டிரைவ் இல்லாத வகை உண்டு. ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பாமல், கியர் லிவர் அருகே டூ ஹெச் (பின்சக்கரம் மட்டும்), ஃபோர் ஹெச் (நாலு சக்கரமும்), ஃபோர் எல் (நாலு சக்கரமும், மெதுவாக அதிக இழுவையோடு) என்று திருப்பும் குமிழ் இருக்கிறதா, வண்டிக்கு அடியில் முன்பக்கம் போகும் சுழல் தண்டு (புரொப்பல்லர் ஷாஃப்ட்) இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள்.

வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸ்தான் முதல் சோதனை. வாட்டர் சர்வீஸ் ரேம்ப்பில் ஏற்றி, கையில் டார்ச்சும் சின்னச் சுத்தியலும் வைத்துக்கொண்டு பாருங்கள். சட்டம் முழுக்கப் புதுக் கருப்புப் பெயிண்ட் பளபளத்தால் அதையே கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி, ராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கம் மீன் ஏற்றிய வண்டிகளில் ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் பின் தொட்டியின் அடி வழியாக இறங்கி, சேஸின் பின் பாதியில் உள்ளிருந்து தின்றிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்ட சத்தம் ஓரிடத்தில் மொத்தென்று மாறினால் அங்கே தகடு மெலிந்துவிட்டது. பின் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ஷாக்கிள் மாட்டும் இடம், கேபினுக்குப் பின்னால் சட்டம் மேலே வளையும் இடம், ஸ்பேர் டயர் தொங்கும் குறுக்குச் சட்டம் ஆகியவற்றில் அதிக நேரம் நில்லுங்கள். அங்கே வெல்டிங் இருந்தால் விலை பேசவே வேண்டாம்.

அதிக பாரம் அடித்த வண்டியைக் கண்டுபிடிக்க ரேம்ப்கூட வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, கேபினுக்கும் பின் தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். மேலும் கீழும் ஒரே அளவு இருக்க வேண்டும். மேலே விரிந்து கீழே நெருங்கினால் தொட்டி பின்னால் சாய்ந்திருக்கிறது, சேஸ் வளைந்திருக்கலாம். பின் ஸ்பிரிங்கில் பிளேட் கூட்டியிருந்தாலும், காலி வண்டியிலேயே பிளேட் தட்டையாகக் கிடந்தாலும் அது குவாரியிலோ செங்கல் சூளையிலோ உழைத்த வண்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஃபோர் வீல் டிரைவ். இதை மண் தரையில்தான் சோதிக்க வேண்டும், தார் ரோட்டில் கூடாது. இந்த வண்டிகளில் முன், பின் அச்சுகளை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். பிடிமானமுள்ள தரையில் திருப்பினால் டயர் சறுக்க முடியாமல் ஷாஃப்ட், கியர் எல்லாம் முறுக்கேறும். வி-கிராஸை மண்ணில் மெதுவாக நேராக ஓட்டியபடி ஃபோர் ஹெச் போடுங்கள். மீட்டரில் விளக்கு சிமிட்டி, நிலையாக எரிய வேண்டும். சிமிட்டிக்கொண்டே இருந்தால் ஆக்சுவேட்டரோ (ஃபோர் வீலைச் சேர்த்துப் பிரிக்கும் கருவி), சுவிட்சோ, வயரிங்கோ பழுது. நிலையாக எரிந்தபின் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஒரு வட்டம் அடியுங்கள்: முன் டயர் மண்ணை அரைத்து, வண்டி பிடித்துப் பிடித்து நகர்ந்தால் முன் அச்சு உண்மையில் சேர்ந்திருக்கிறது. சாதாரணமாக வழுக்கிப் போனால் விளக்கு மட்டும் எரிகிறது என்று அர்த்தம்! பிறகு நிறுத்தி, கிளட்ச் அழுத்தி, நியூட்ரலில் ஃபோர் எல். முதல் கியரில் ஆக்சிலரேட்டர் தொடாமல் ஒரு மேட்டில் ஊர்ந்து ஏற வேண்டும். டூ ஹெச்சுக்குத் திரும்பும்போது விடாமல் மாட்டிக்கொண்டால் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். அப்படியும் விடவில்லையென்றால் பெரிய செலவு காத்திருக்கிறது.

"ஃபோர் வீல் போட்டதே இல்லை சார், அப்படியே புதுசு" என்பார்கள். அதைக் கேட்டு மகிழ வேண்டாம். வருஷக்கணக்கில் தொடாத ஆக்சுவேட்டர் துருப்பிடித்து இறுகிவிடும்.

நாலு டயரும் ஒரே அளவா, தேய்மானம் ஏறக்குறைய ஒன்றா என்று பாருங்கள். முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்றால் சுற்றளவு வேறாகி, ஃபோர் ஹெச்சில் போகும்போதெல்லாம் டிரான்ஸ்ஃபர் கேஸ் அந்த வித்தியாசத்தைத் தாங்கியிருக்கும்.

டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் டிஃபரன்ஷியல் மூன்றிலும் ஆயில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றி விரல் விட்டுப் பார்க்க விற்பவரிடம் கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில். விரலில் நைஸான சாம்பல் பசை ஒட்டினால் பரவாயில்லை, துணுக்குத் துணுக்காக இரும்பு வந்தால் பல் உதிர்கிறது. பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆற்றில் இறக்கியது மட்டும் காரணம் அல்ல. 2015இல் சென்னை, 2023 டிசம்பரில் சென்னையும் தூத்துக்குடி, திருநெல்வேலியும் வெள்ளத்தில் மூழ்கின. அப்படி நனைந்த வண்டியா என்று அறிய சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அடிமுனையில் சேற்றுக்கோடு உண்டா, டேஷ்போர்டு அடியில் வயர் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பின் சக்கரத்தின் உட்பக்கம் ஆயில் வடிந்திருந்தால் ஆக்சில் சீல் போயிருக்கிறது. சீல் மாற்றும்போது அச்சின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையேல் புது சீலும் போய்விடும்.

ஓட்டிப் பார்க்கும்போது 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் ஊளையிட்டு, காலை எடுத்தால் அடங்குகிற சத்தம் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரத்துடையது. புறப்படும்போது 'டக்' என்றால் முதலில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் உள்ள ஜாயிண்ட் கிராஸைச் சந்தேகியுங்கள், அது சின்ன செலவு. மேட்டில் மூன்றாவது கியரில் அழுத்தும்போது ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போச்சு.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் கிளப்ப வேண்டும். நீங்கள் வரும்முன் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் போங்கள். ஆயில் மூடியைத் திறந்து மேலே வையுங்கள். புகை குபுகுபுவென்று தள்ளி மூடி ஆடினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. 2.5 ஐசுசுவில் ஐடிலிங் ஏறி இறங்கினாலோ, நிற்கும்போது அணைந்தாலோ டீசல் பம்ப்பில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்.சி.வி. வால்வை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜெக்டர் போய்விட்டது என்று விற்பவரைப் பயமுறுத்தி விலை பேசவும் இதே அறிகுறிதான் பயன்படும். சந்தேகம் தீர, டீசல் பம்ப் ஒர்க்ஷாப்பில் நாலு இன்ஜெக்டருக்கும் ரிட்டர்ன் அளவு சோதியுங்கள். ஒன்று மட்டும் அதிகமாகத் திருப்பி ஊற்றினால் அது போகப்போகிறது.

பேப்பரில், மஞ்சள் போர்டா வெள்ளைப் போர்டா என்பது முக்கியம். மஞ்சள் போர்டு, அதாவது வணிகப் பதிவு என்றால் முதல் 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். கடன் வாங்கிய வண்டியென்றால் கடன் தீர்ந்ததைக் காட்டும் ஃபார்ம் 35 கையில் வராமல் முழுப் பணம் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. வெளி மாநில வண்டிக்கு 28ஆம் ஃபார்ம் என்.ஓ.சி. (அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று) வேண்டும், இங்கே சாலை வரியும் தனியாகக் கட்ட வேண்டும். டெல்லி வண்டி மலிவாக வருவது அங்கே பழைய டீசலுக்கு உள்ள கெடுபிடியால், இந்த வரியைக் கூட்டிப் பார்த்தால் லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக வைத்திருங்கள். எடுத்த வாரமே இன்ஜின், கியர், டிரான்ஸ்ஃபர், இரண்டு டிஃபரன்ஷியல் என ஐந்து ஆயிலையும் மாற்றி, கூலன்ட், பிரேக் ஆயில், ஃபில்டர்கள், ஃபேன் பெல்ட்டையும் முடித்துவிடுங்கள். கோடையிலும் மாதம் ஒருமுறை மண்பாதையில் ஃபோர் ஹெச், ஃபோர் எல் இரண்டையும் போட்டு எடுங்கள்.