உளவுத்துறை ஒருவரைக் கைது செய்யலாமா, அவரது போனை ஒட்டுக்கேட்கலாமா?

கைது செய்ய முடியாது. ஐ.பி. என்று சொல்கிறோமே, அந்த மத்திய உளவுத்துறைக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. தகவல் திரட்டிக் கொடுப்பதோடு சரி. வேடிக்கை என்னவென்றால், 1887இல் வேர்விட்ட அந்த அமைப்புக்கென்று நாடாளுமன்றம் இன்றுவரை தனிச் சட்டம் இயற்றவில்லை. 2011இல் அமைச்சர் அல்லாத ஒரு எம்.பி. கொண்டுவந்த தனிநபர் மசோதா வந்தது, காலாவதியாகிப் போனது.

ஒட்டுக்கேட்பது வேறு கதை. உத்தரவு இருந்தால் கேட்கலாம். 1996இல், பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வரம்பு வகுத்தது. உள்துறைச் செயலர் உத்தரவிட வேண்டும். அது இரண்டு மாதம் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதம்தான். சரி, அந்த உத்தரவு முறையானதா என்று மத்தியில் பார்ப்பவர்கள் யார்? அமைச்சரவைச் செயலர், சட்டத்துறைச் செயலர், தொலைத்தொடர்புத்துறைச் செயலர். மூவரும் அரசு அதிகாரிகள். பெயருக்குக்கூட ஒரு நீதிபதி இல்லை. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கோ விஷயமே தெரியாது. தெரியாதவர் எந்தப் படியேறி முறையிடுவார்? எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

பிரிட்டனில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைச்சர் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. அவசர நேரம் தவிர, நீதித்துறை ஆணையரும், அதாவது உயர் நீதிபதியாக இருப்பவரோ இருந்தவரோ, ஒப்புதல் தந்த பிறகே ஒட்டுக்கேட்கத் தொடங்கலாம். நம் கோப்பில் அந்த இரண்டாவது கையெழுத்துக்கு இடமே விடவில்லை.