மனித மூளையின் அளவு ஏன் மாறியது? இப்போது சுருங்கிக்கொண்டிருக்கிறதா?

குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். "செல்போனால மூளை சுருங்குதாமே சார்" என்று வருஷம் தவறாமல் யாராவது ஒரு வாட்ஸ்அப் செய்தியோடு வந்து நிற்பார்கள், அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூளை மண்ணில் மக்கிப்போகும். மிஞ்சுவது மண்டையோடு, அதன் உள்அளவை வைத்துத்தான் எல்லாக் கணக்கும். குரங்கு போன்ற முகத்தோடு இரண்டு காலில் நடந்த ஆதி மூதாதையான ஆஸ்ட்ரலோபித்தேக்கஸுக்குச் சுமார் 450 கன செ.மீ., பின்னால் வந்த ஆதி மனித இனமான ஹோமோ எரெக்டஸுக்கு 900 வாக்கில், நமக்கு சராசரி 1350. இதற்கு முப்பது லட்சம் வருஷம் ஆகியிருக்கிறது.

அறிவு தேவைப்பட்டது, மூளை வளர்ந்தது என்று முடித்துவிடுகிறவர்கள் செலவை மறந்துவிடுகிறார்கள். உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. அவ்வளவு சக்தி எங்கிருந்து வந்தது? குடல் சிறுத்ததில் மிச்சமானதுதான் மூளைக்குப் போனது என்று 1995ல் லெஸ்லி ஐயெல்லோ, பீட்டர் வீலர் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னார்கள். சமைத்த உணவு சுலபமாகச் செரிக்கும், அதனால் சமையல்தான் காரணம் என்கிறார் மானிடவியலாளர் ரிச்சர்ட் ராங்கம். பச்சை ராகியை ஒரு கைப்பிடி மென்று பாருங்கள், அதையே களி கிண்டிச் சாப்பிட்டுப் பாருங்கள், அவர் சொல்வது புரிந்துவிடும். ஆனால் நெருப்பைப் பழக்கத்தில் வைத்திருந்ததற்கான உறுதியான தடயங்கள் மூளை பெருக்கத் தொடங்கிய காலத்துக்குப் பிறகுதான் கிடைக்கின்றன, அந்த இடத்தில் அவர் வாதம் இடிக்கிறது. கூட்டமாக வாழ்ந்து யார் யாருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று நினைவில் வைக்க வேண்டியிருந்ததே காரணம் என்ற ஆய்வாளர் ராபின் டன்பாரின் கருத்தும் உண்டு. எனக்கு உணவும் கூட்டமும் சேர்ந்துதான் என்று படுகிறது.

சரி, சுருங்கியதா? பனியுக மனிதர்களின் மண்டையோடுகள் சராசரியில் நம்முடையதைவிடப் பெரியவை. அவர்களின் உடம்பும் பெரியது, அதனால் உடல் சிறுத்தபோது மூளையும் சேர்ந்து சிறுத்திருக்கலாம். இன்னொரு விளக்கம், காட்டு விலங்கை வீட்டு விலங்காகப் பழக்குவதுபோல நம்மை நாமே பழக்கிக்கொண்டோம் என்பது. வீட்டுப் பன்றியின் மூளை காட்டுப்பன்றியுடையதைவிடச் சிறியது, நாய்க்கும் ஓநாய்க்கும் அதே கதைதான். அதற்காக நாயை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது, நாம் கைகாட்டும் திசையைப் புரிந்துகொள்வதில் அது ஓநாயைவிடக் கெட்டி.

3000 வருஷத்துக்கு முன்புதான் இந்தச் சரிவு வந்தது என்று 2021ல் ஒரு ஆய்வு வந்தது. அதே தரவை மறுபடி அலசி, அப்படி ஒரு சரிவே தெரியவில்லை என்று 2022ல் வேறு இருவர் மறுத்தார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுவது முதல் ஆய்வின் தலைப்பு மட்டும். அந்த ஆய்வையே ஏற்றுக்கொண்டாலும், அது சொல்லும் காலத்தில் செல்போன் ஏது?