கனடா போகிற தம்பிக்கு: குளிரை விடும், ஆட்குறைப்பைக் கேளும்

தம்பி, நீர் கேட்டவை நான்கு. ரொறன்ரோவில் ஒரு பெரிய கணினிக் கம்பனி வேலை தந்திருக்கிறது. ஒப்பந்தம் கைக்கு வந்த அதே வாரத்தில் 'மறுசீரமைப்பு' என்று அறிவித்தும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இப்போது பார்க்கிற வேலையை விட்டுவிட்டுப் போகலாமா என்பது முதலாவது. வாடகை, குளிர் உடுப்பு, தமிழர் இருக்கிற பக்கம் இருப்பதா விலகி இருப்பதா என்பவை மற்ற மூன்றும். அந்த மூன்றுக்கும் பதில் சொல்ல ஸ்காபரோவில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் முதலாவது கேள்வியின் வாலில், "அங்கே வேலை செய்கிறவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள், பயந்தபடியேதான் இருப்பார்களா அண்ணா?" என்று ஒரு வரி எழுதியிருந்தீர். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, கொக்குவிலில் தங்கை வீட்டு விறாந்தையில் படுத்திருந்தவனை அந்த வரிதான் எழுப்பி உட்காரவைத்தது.

பயந்தபடி இருக்க மாட்டார்கள். அதுதான் எனக்கு இன்றுவரை வியப்பு.

நான் 1994இல் இரவோடு இரவாகக் கிளாலிக் கடலைப் படகில் தாண்டி, கொழும்பில் ஒரு லொட்ஜில் எட்டு மாதம் கிடந்து, பிறகு கனடா போய்ச் சேர்ந்தவன். பகலில் உணவகத்தில் கோப்பை கழுவினேன், இரவில் கணினி வகுப்புக்குப் போனேன். 1998இல் ஒரு பெரிய கம்பனி எடுத்தது. ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த பழைய நிரல்கள் 2000 பிறந்ததும் குழம்பிவிடும் என்று உலகமே பதறிய காலம். என்னைப் போன்ற இரவு வகுப்புக்காரனுக்கும் கதவு திறந்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றாமலே கோயிலுக்குப் போயிருக்கிறேன். சிரிக்க வேண்டாம், நீரும் செய்வீர்.

2001இல் கதை அடிபடத் தொடங்கியது. கம்பனி 'மறுசீரமைப்பு' என்றது. எங்கள் சனம் 'லே-ஓஃப்' என்றது. ஆட்கள் அதை எடுத்துக்கொண்ட விதத்தைத்தானே கேட்டீர். ஒருவன் விடிய ஏழு மணிக்கே வந்து, மேலாளர் போன பிறகுதான் போவான். இன்னொருவர் தன் வேலையின் சூட்சுமங்களை யாருக்கும் எழுதிக்கொடுக்காமல் மறைத்தார், தன்னை நீக்கினால் எல்லாம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை. (நிற்கவில்லை. மூன்று நாள் தடுமாறிவிட்டு ஓடியது.) இருபத்திரண்டு வருடம் இருந்த ஒரு வெள்ளைக்காரர் மட்டும் தன்னை நீக்க மாட்டார்களா என்று காத்திருந்தார், செவரன்ஸ் பணம் (வேலையிலிருந்து நீக்கும்போது தருகிற தொகை) வந்தால் வீட்டுக்கடன் முடிந்துவிடும் என்று கணக்குப் பார்த்து வைத்திருந்தார். பட்டியலில் தன் பெயர் இல்லை என்று தெரிந்த அன்று அவர் சாப்பிடவேயில்லை. மற்ற எல்லோரும், நான் உட்பட, 'நமக்கு வராது' என்ற கூட்டம். இழவு வீட்டுக்குப் போய்விட்டு வந்து, குளித்து, சாப்பிடுகிறவர்களைப் போல இருந்தோம்.

முதற்சுற்றில் என் பக்கத்துக் கதிரைக்காரன் போனான். குஜராத்திப் பையன், என்னை 'பாய்', அதாவது அண்ணன், என்று கூப்பிடுவான். வீட்டுக்கு இரண்டு தரம் தொலைபேசி எடுத்தான். நான் பேசவில்லை. அவனோடு பேசினால் அந்தத் தரித்திரம் எனக்கும் ஒட்டிவிடும் என்பது போல ஒரு புத்தி. மிஞ்சியிருப்பவர்களின் மனநிலை என்று நீர் கேட்டால் அதுதான்: இரண்டு பேரின் வேலையை ஒருவன் செய்வான், வாய் திறக்க மாட்டான், போனவனின் பெயரைச் சொல்ல மாட்டான்.

ஒக்ரோபரில் எனக்கு வந்தது. காலையில் எல்லோருக்கும் கூட்டம் என்றார்கள்; பாதிப் பேருக்கு ஒரு மண்டபம், பாதிப் பேருக்கு இன்னொன்று. உள்ளே போய் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்ததுமே விளங்கிவிட்டது. வேறு கிளையிலிருந்து வந்த, ஒருவரையும் தெரியாத ஒரு மேலாளர் தாளைப் பார்த்து வாசித்தார், தலை நிமிரவில்லை. மேசையில் இருந்த நல்லூர்க் கந்தனின் படத்தையும் ஒரு கோப்பையையும் பெட்டியில் போட்டுக்கொண்டு கென்னடி நிலையத்தில் இறங்கினேன்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம். வீட்டில் சொல்லவில்லை. மூன்று கிழமை சொல்லவில்லை. காலையில் மனைவி கட்டித் தந்த புட்டையும் சம்பலையும் எடுத்துக்கொண்டு, வழக்கமான பஸ்ஸில் ஏறி, சீடர்பிரே நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். எரிந்து கிடந்த யாழ்ப்பாண நூலகத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு நூலகத்தில் அவ்வளவு நேரம் இருந்தது அங்கேதான். மத்தியானம் பக்கத்துக் கடைத்தொகுதியில் சாப்பிடுவேன். அங்கே நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, என் வயதுக்கு மூத்த ஒருவர் அதே மாதிரிப் பெட்டியைத் திறந்தார். கறி மணத்திலேயே ஊர் தெரிந்துவிட்டது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், 1990இல் அது நின்றதும் வெளிக்கிட்டவர், அப்போது வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருந்தார். அவரும் வீட்டில் சொல்லவில்லை. "சீமெந்துத் தொழிற்சாலை நின்றபோது தெல்லிப்பழைக்கே தெரியும், தம்பி. எல்லோரும் சேர்ந்து திட்டினோம், சேர்ந்து ஓடினோம். இங்கே தனியாக ஒளித்திருந்து சோறு தின்கிறேன்" என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. வேலை போவது எங்களுக்குப் புதிதா? 1980 ஜூலை வேலைநிறுத்தத்தோடு ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் அரசாங்கம் நாற்பதாயிரம் அளவில் அரச ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. அவர்களில் ஒருவராவது வெட்கப்பட்டு ஒளித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை; காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கனடாவில் ஆளைத் தனித்தனியாகப் பிரித்து, கையில் ஒரு உறையைத் தந்து, கதவுவரை கூட்டிவந்து விடுகிறார்கள். 'அரைக்காசு என்றாலும் அரசாங்க உத்தியோகம்' என்று கேட்டு வளர்ந்த காதுக்கு, அது தன் குறை என்றுதான் கேட்கும்.

என் கதை எப்படி வெளியே வந்தது தெரியுமா? மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல். மனைவி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். மழையில் இரண்டு பஸ் மாறிப் பிள்ளையைத் தூக்கிவந்தவள் அவள். வேலை போனதை அன்றே மன்னித்தாள். புட்டுப் பெட்டியை இன்னும் மன்னிக்கவில்லை. சண்டை வந்தால் முதலில் அதுதான் வரும்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். சம்பளத்துக்கு மேல் கடன் எடுத்து மார்க்கம், ஏஜாக்ஸ் நகரங்களில் நாலு அறை வீடு வாங்கி, மூன்று சீட்டும் பிடித்துக்கொண்டு, 'வேலை எப்படி?' என்றால் 'சூப்பர்' என்பார்கள். கோயில் வீதியில் உம்மைக் கண்டால் பெயருக்கு முன்னமே கம்பனியைக் கேட்பார்கள். அந்தக் கேள்வி இல்லையென்றால் நான் நூலகத்தில் ஒளித்திருக்க மாட்டேன். வெள்ளையர்களைப் பாரும், வேலை போன அன்றே பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொல்லி, அவன் மூலமாகவே அடுத்த வேலையைத் தேடுகிறார்கள். நான் அதைப் பிந்தித்தான் பழகினேன், ஆனால் பழகினேன். அடுத்த வேலை, அந்தக் குஜராத்திப் பையன் சொல்லிவிட்ட இடத்தில்தான் கிடைத்தது. ஆறு மாதம் கழித்து நானாகவே அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஏன் அப்போது பேசவில்லை என்று அவன் ஒரு சொல் கேட்கவில்லை.

திறமையாக வேலை செய்தால் தப்பலாமா என்று நீர் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர். 2016இல் தாள் வாசிக்கிற பக்கத்தில் நானே உட்கார்ந்தேன். பட்டியல் மேலிருந்து வந்தது: எந்தத் திட்டம், எந்தக் கிளை, எவ்வளவு சம்பளம் என்ற கணக்கு. என் குழுவில் மிகக் கெட்டிக்காரியின் பெயரும் அதில் இருந்தது. வாதாடினேன், பெயர் மாறவில்லை. கம்பனி இலாபத்தில் ஓடினால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். கூகிள் 2023 ஜனவரியில் 12,000 பேரைக் குறைத்தது. தன் அலுவலகக் கணினிக் கணக்குக்குள் போக முடியாமல் நின்றபோதுதான் சிலருக்கு விஷயமே தெரிந்தது. மைக்ரோசொப்ட் 2025 மே, ஜூலை இரண்டிலும் சேர்த்து 15,000 பேரளவில் நீக்கியது. இரண்டும் நட்டத்தில் ஓடிய கம்பனிகள் அல்ல.

இங்கே இலங்கையில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர, ஆளின் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது. ஒன்ராறியோவில் அப்படி ஒன்றுமில்லை. காரணம் சொல்லாமலே நிறுத்தலாம். முன்னறிவித்தலோ அதற்கு ஈடான பணமோ தந்தால் பெரும்பாலும் போதும். ஆளைத் தனியாக நிறுத்தினால், முன்னறிவித்தலுக்குச் சட்டம் சொல்கிற அளவு ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு கிழமை, எட்டுக் கிழமைக்கு மேல் இல்லை. நீதிமன்ற வழக்கப்படி அதைவிடக் கூடக் கிடைக்கலாம், ஆனால் 'சட்டத்தின் குறைந்தபட்சம் மட்டும்' என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கும். அதை இப்போதே தேடிப் பாரும். நீக்குகிற அன்று நீட்டுகிற தாளில் அன்றே கையெழுத்து வைக்கவும் வேண்டாம், சட்டத்தரணி ஒருவர் பார்க்கட்டும். தருகிறோம் என்ற பணத்தையும் கைக்கு வரும்வரை எண்ண வேண்டாம்: 2009 ஜனவரியில் நோர்ட்டெல் என்ற கனடியத் தொலைத்தொடர்புக் கம்பனி கடனைக் கட்ட முடியாமல் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டபோது, முன்னரே நீக்கப்பட்டவர்களின் செவரன்ஸ் அப்படியே நின்றது, அவர்களும் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் போய் நின்றார்கள்.

உம்முடைய வேலை அனுமதியில் அந்தக் கம்பனியின் பெயர் மட்டும் இருக்கிறதா என்றும் பாரும். இருந்தால், வேலை போனாலும் அனுமதிக் காலம் முடியும்வரை நாட்டில் நிற்கலாம், ஆனால் வேறு கம்பனிக்கு வேறு அனுமதி எடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஹெச்-1பி வேலை விசாக்காரருக்கு 60 நாள்தான், அந்தவிதத்தில் உமக்குப் பரவாயில்லை.

போகலாமா என்றால், போம். எப்படியும் போகத்தான் போகிறீர், டிக்கெட் விலை பார்த்துவிட்டுத்தான் எனக்கு எழுதியிருப்பீர். குளிர் உடுப்பைக் கொழும்பில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம், அங்கே வாங்கும். வாடகை அதிகம்தான். தமிழர் பக்கம் இரும், ஆனால் சீட்டில் சேராதேயும்.

தீர்த்தம் முடிந்து மறுநாள்வரை இங்கே நிற்பேன். ஒப்பந்தத்தை எல்லாப் பக்கமும் அச்சடித்து எடுத்துக்கொண்டு ஒரு பின்னேரம் வாரும், சேர்ந்து பார்ப்போம். ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: கம்பனி மறுசீரமைப்பு அறிவித்த விஷயத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டீரா? இல்லையென்றால் முதலில் அதைச் சொல்லிவிட்டு வாரும்.