தோள் அறுவைக்குப் பின் சிறுநீர்க் கசிவு: சொட்டிக்கொண்டே இருந்தால் நாள் கடத்தாதீர்கள்

கேள்வி: வயது 59. பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. வலது தோளில் தசைநார் கிழிந்து, 12 நாட்களுக்கு முன் அறுவை நடந்தது. 6 வாரம் ஸ்லிங் (கையைத் தாங்கும் தொங்கு கட்டு) போடச் சொல்லியிருக்கிறார்கள். இருமினால், தும்மினால் லேசாகச் சிறுநீர் கசிவது முன்பே உண்டு. இப்போது நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கிறது. இரவில் எனக்குத் தெரியாமலே துணி நனைந்துவிடுகிறது. கமோடில் உட்கார்ந்தால் கொஞ்சம்தான் வருகிறது. கழுத்தில் போட்ட மரத்துப்போகும் ஊசி நரம்பைக் கெடுத்துவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. மருந்துக்கடையில் சிறுநீரை அடக்கும் மாத்திரை வாங்கி 4 நாட்களாகச் சாப்பிடுகிறேன். தண்ணீரையும் குறைத்துவிட்டேன். ஆறு வாரத்துக்கும் சிறுநீர் டியூப் போட்டுவிடலாம் என்கிறான் மகன். ஒற்றைக் கையால் டயப்பர் மாட்ட வரவில்லை, மருமகளைக் கூப்பிடவும் கூச்சமாக இருக்கிறது. இது இப்படியே நிலைத்துவிடுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த மருந்துக்கடை மாத்திரையை நிறுத்துங்கள். இன்றைக்கே ஒரு மருத்துவரைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது ஒரே ஒரு வரிதான்: ‘கமோடில் உட்கார்ந்தால் கொஞ்சம்தான் வருகிறது.’

இருமும்போது கசிவது வேறு, நாள் முழுக்கச் சொட்டுவது வேறு. முதலாவது, இடுப்பின் அடித்தளத் தசை தளர்ந்ததால் வருவது. தொல்லைதானே தவிர ஆபத்தில்லை. இரண்டாவது, பெரும்பாலும் சிறுநீர்ப்பை காலியாகாமல் முட்ட நிரம்பி, மிஞ்சியது வெளியே வழிவது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழியும்போது, போகிற குழாயை அடைத்தால் என்ன ஆகும்? ‘அடக்கும் மாத்திரை’ அதைத்தான் செய்கிறது. சாலிஃபினாசின், ஆக்சிபியூட்டினின் போன்றவை சிறுநீர்ப்பைத் தசையைச் சுருங்கவிடாமல் தடுப்பவை. ஏற்கெனவே சுருங்க மறுக்கும் பைக்கு அதைக் கொடுத்தால் தேக்கம் கூடும். பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளக்காமல், கடைக்காரர் சொன்னார் என்பதற்காக இதை விழுங்குவதை எந்த வாசகி எழுதினாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அறுவைக்குப் பின் சிறுநீர் தேங்குவது அரிதல்ல. முதல் ஓரிரு நாட்களுக்கு, அறுவைக்குக் கொடுத்த முழு மயக்க மருந்தும் அதற்குக் காரணமாகலாம். அதற்குப் பிறகு பெரும்பாலும் மாத்திரைகள்தான். உங்கள் வலி மாத்திரைச் சீட்டில் டிரமடால் இருக்கிறதா பாருங்கள். அது சிறுநீரையும் தேக்கும், மலத்தையும் கட்டும். மலக்குடலில் இறுகிக் கிடக்கும் மலம் பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தித் தன் பங்குக்கு வழியை மறிக்கும். தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின், சளிக்கு குளோர்பெனிரமின் கலந்த மாத்திரை என்று எதையாவது இதோடு சேர்த்திருந்தால் கேட்கவே வேண்டாம். பத்து வருடச் சர்க்கரை பையின் உணர்வையும் மழுங்கடித்திருக்கலாம். பை நிரம்பியதே தெரியாது. ஆகவே, ‘வயிறு வலிக்கவில்லையே’ என்று ஆறுதல் கொள்ளாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் ஒன்று செய்யலாம். அளவுக்கோடு போட்ட அரை லிட்டர் பிளாஸ்டிக் குவளையில் சிறுநீரைப் பிடியுங்கள். முழுப் பை என்பது சுமார் 400 மில்லி. ஒவ்வொரு முறையும் 100 மில்லிக்குக் குறைவாக வந்து, கழித்த அரை மணிக்குள் மறுபடி சொட்டினால், அல்லது 6 மணி நேரமாக ஒரு முறைகூட நன்றாகப் போகவில்லை என்றால், தேக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொப்புளுக்குக் கீழே கையை வைத்தால் இறுக்கமான புடைப்பு தட்டுப்பட்டால் சந்தேகமே வேண்டாம்.

அங்கே கேட்க வேண்டிய பரிசோதனை, சிறுநீர் கழித்த பிறகு மிஞ்சியிருக்கும் அளவைப் பார்க்கும் ஸ்கேன். பல ஸ்கேன் மையங்களில் ஒன்றரை லிட்டர் குடிக்கவைத்து, வெடிக்கும் நிலையில் உட்காரவைத்துவிடுவார்கள். அப்படி அளவுக்கு மீறி நிரப்பினால் ஆரோக்கியமான பையே முழுதாகக் காலியாகாது, அளவு பொய்யாகக் கூடித் தெரியும். வழக்கமாகக் குடிப்பதைக் குடித்துவிட்டுப் போய், அங்கேயே கழித்துவிட்டு, 10 நிமிடத்துக்குள் பாருங்கள். 50 மில்லிக்குள் என்றால் நிம்மதி. 200 தாண்டினால் தேக்கம். கூடவே சிறுநீர்ப் பரிசோதனை, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது), ரத்தச் சர்க்கரை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின். அறுவையின்போது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் சர்க்கரை ஓரிரு நாள் எகிறியிருக்கும்; இந்நேரம் இறங்கியிருக்க வேண்டும். டாபாகிளிஃபுளோசின் போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். அது சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் சிறுநீரின் அளவும் கூடும், பூஞ்சைத் தொற்றும் வரலாம்.

உட்காரும் இடம் மரத்துப்போவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது, மலமும் தெரியாமல் போவது ஆகியவை தண்டுவடத்தின் அடிநரம்புகள் நசுங்குவதன் அடையாளம். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான்.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுத்த ஊசி. அது கழுத்தில், கைக்குப் போகும் நரம்புக் கற்றையைச் சுற்றிப் போடப்படுவது. குரல் கம்மலாம், ஒரு பக்க இமை தாழலாம், மூச்சு லேசாக வாங்கலாம்; எல்லாம் பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். சிறுநீர்ப்பைக்கான நரம்புகள் முதுகெலும்பின் அடிக்கோடியில் இருந்து புறப்படுபவை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. படித்ததை மறந்துவிடுங்கள். மருந்தாலும் மலச்சிக்கலாலும் வந்த தேக்கம், காரணத்தை விலக்கினால் பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும், நிலைத்துவிடாது. 12 நாள் கழித்துப் பலருக்கு டிரமடால் தேவைப்படாது. ஈரல் கோளாறு இல்லாதவருக்கு 650 மி.கி. பாராசிட்டமால் நாளைக்கு 3 வேளை போதும். உங்கள் அறுவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மலமிளக்கியும் அவரிடமே கேளுங்கள். முக்க வேண்டாம்.

தேக்கம் அதிகமிருந்தால் டியூப் போடுவார்கள். அதுவும் சில நாட்களுக்குத்தான். பிறகு எடுத்துவிட்டுத் தானாகப் போகிறதா என்று பார்ப்பார்கள். துணி நனைகிறது, மாற்ற ஆளில்லை என்பதற்காக 6 வாரம் டியூப் வைக்கும் யோசனையை மகன் விட்டுவிடட்டும். ஒவ்வொரு நாளும் தொற்று வாய்ப்பு ஏறும், அதுவும் சர்க்கரைக்காரருக்கு.

தேக்கம் சரியான பிறகும் பழைய கசிவு இருக்கும். கை கட்டுண்டிருப்பதால் அது கொஞ்சம் கூடுதலாகவும் தோன்றும், ஏனென்றால் நாடா முடிச்சை இடது கையால் அவிழ்ப்பதற்குள் பாதி போய்விடும். உள்பாவாடை நாடாவுக்கு விடை கொடுங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த, ஒரு சைஸ் பெரிய நைட்டி போதும். போடும்போது அறுவை செய்த கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். அவசரம் வரும்வரை காத்திருக்காமல் இரண்டரை மணிக்கு ஒரு முறை போங்கள். கழித்து முடித்ததும் முன்னால் குனிந்து அரை நிமிடம் இருந்து மறுபடி முயலுங்கள்.

தோளுக்கு உண்மையான ஆபத்து இரவு 2 மணிக்கு, ஈரத்தரையில், பாத்ரூமுக்கு ஓடும்போது இருக்கிறது. ஒரு கை கட்டியிருக்கும்போது உடலின் சமநிலை குறையும். விழும்போது அந்தக் கையைத்தான் ஊன்றப் பார்ப்பீர்கள். தைத்த தசைநார் அங்கேயே பிய்ந்துபோகலாம். கமோடு நாற்காலி ஒன்றைக் கட்டிலின் இடப்பக்கம் வையுங்கள், சக்கரம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். இடப்பக்கமாகப் புரண்டு இடது முழங்கையை ஊன்றி எழுங்கள். வலது கையை ஊன்றி எழுவது, பின்னால் கொண்டுபோய்க் கழுவுவது, ஜட்டியைப் பின்னாலிருந்து இழுப்பது, மூன்றும் இப்போது கூடாது. கை முதுகுப் பக்கம் போகும் அசைவு தைத்த இடத்தை முறுக்கி இழுக்கும். ஹெல்த் ஃபாசெட் வலப்பக்கச் சுவரில் இருந்தால், இடப்பக்கம் வாளியும் குவளையும் வைத்துக்கொள்ளுங்கள். தரைமட்டக் கழிப்பறை வேண்டவே வேண்டாம்.

டயப்பரில் டேப் ஒட்டும் வகையை வாங்கியிருப்பீர்கள். அது படுத்திருப்பவருக்கு அடுத்தவர் மாட்டிவிடுவது. நடமாடுகிறவருக்கு ஜட்டி போல ஏற்றும் பேன்ட் வகை. இடுப்பையும் பிட்டத்தையும் டேப்பால் அளந்து, எது பெரிதோ அதற்கான சைஸ் வாங்குங்கள். ‘தாராளமாக இருக்கட்டும்’ என்று பெரிதாக வாங்கினால் தொடை இடுக்கில் ஒழுகும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, டயப்பரைத் தரையில் விரித்து, இரு பாதங்களையும் நுழைத்து, இடது கையால் முழங்கால்வரை ஏற்றுங்கள். பிறகு கெண்டைக்கால்கள் கட்டிலைத் தொட்டபடி நின்று, இடப்பக்கம் கொஞ்சம், முன்பக்கம் கொஞ்சம், கையை வயிற்றுக்குக் குறுக்கே கொண்டுபோய் வலப்பக்கம் கொஞ்சம், இடது கையாலேயே பின்பக்கம் கொஞ்சம் என்று சுற்றிச் சுற்றி ஏற்றுங்கள். ஒரே பக்கத்தை முழுதாக இழுத்தால் மறுபக்கம் தொடையில் சிக்கிக்கொள்ளும். கடைசியாகத் தொடையைச் சுற்றி விரலை ஓட்டி, உள்ளே மடங்கிய கொசுவத்தை வெளியே எடுத்துவிடுங்கள். பெரும்பாலான ஒழுகல் அந்த மடிப்பால்தான். கழற்ற, இரு பக்கத் தையலையும் மேலிருந்து கீழாகக் கிழித்து, முன்னிருந்து பின்னாக உருவுங்கள். பகலில் கசிவு கொஞ்சம்தான் என்றால் டயப்பரே வேண்டாம். சாதாரண ஜட்டியில் ஒட்டும் கசிவு பேடு போதும்.

நனைந்ததை மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, வாசலின் அல்லது ஜிங்க் ஆக்சைடு மெல்லியதாகப் பூசுங்கள். பவுடர், டெட்டால் இரண்டும் வேண்டாம். சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் வந்தால் அது பூஞ்சை. கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் அரிப்பு இரண்டு நாள் அடங்கி, பிறகு தொடைவரை பரவும்.

தண்ணீரைக் குறைப்பது தவறு. கெட்டியான சிறுநீர் பையை எரிச்சலூட்டும், மலமும் கட்டும். தேக்கம் தீர்ந்ததும், சிறுநீரகமும் இதயமும் நன்றாக இருந்தால் நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடியுங்கள். படுக்கப் போவதற்கு 2 மணி நேரம் முன் நிறுத்திக்கொள்ளுங்கள், 4 மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம்.

மருமகளிடம் நீங்கள் கேட்க வேண்டியது அதிகமில்லை. நாளைக்கு ஒரு முறை உங்களால் பார்க்க முடியாத பின்பக்கத் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதும், முதல் இரண்டு நாள் டயப்பர் மாட்டும்போது விழாமல் பக்கத்தில் நிற்பதும் போதும். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால், பகலில் ஒரு மணி நேரத்துக்கு வீட்டுக்கு வரும் செவிலி உதவியாளரை வைத்துக்கொள்ளுங்கள்.

இருமும்போது வரும் பழைய கசிவுக்கு இடுப்பு அடித்தளத் தசைப் பயிற்சி உண்டு: வாயுவை அடக்குவதுபோல் உள்ளே இழுத்து 6 விநாடி பிடித்து விடுவது, ஒரு வேளைக்கு 8 முதல் 10 முறை, நாளைக்கு 3 வேளை. மூன்று மாதமாவது தொடர வேண்டும். சிறுநீர் போகும்போதே நடுவில் நிறுத்திப் பழகாதீர்கள், அதுவும் தேக்கத்தில் முடியலாம். டியூப் போட்டிருந்தால் அதை எடுத்து, நன்றாகக் காலியாகிறது என்று ஸ்கேனில் உறுதியான பிறகே பயிற்சியைத் தொடங்குங்கள்.