பதில்: பெண்டிரைவில் எல்லாம் ஷார்ட்கட் ஆகிறது, மேக் வாங்கலாமா?

வணக்கம் சகோ. சுங்கை சிப்புட்டில் நகல் கடை, விண்டோஸ் 7 கணினி, பள்ளிப் பிள்ளைகளின் பெண்டிரைவைச் செருகினால் கோப்புறைகள் ஷார்ட்கட் ஆகிவிடுகின்றன, ஆப்பிளின் மேக் கணினி வாங்கினால் தொல்லை விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், பெண்டிரைவை ஃபார்மட் செய்துவிடாதீர்கள். இந்த வகை வைரஸ் பெரும்பாலும் அசல் கோப்புறையை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். அதைத் திறந்தால் வைரஸும் சேர்ந்து ஓடும். பிள்ளைகளின் வேலை உள்ளேதான் இருக்கும்.

மேக்குக்கு வைரஸே வராது என்பது விற்கிறவர் பேச்சு. 2012இல் ஃபிளாஷ்பேக் என்ற வைரஸ், ஜாவா மென்பொருளில் இருந்த பாதுகாப்பு ஓட்டை வழியாகச் சுமார் 6 லட்சம் மேக்குகளில் புகுந்தது. விண்டோஸ் அதிகம் அடிவாங்குவதற்கு, அதை அதிகம் பேர் வைத்திருப்பதும் ஒரு காரணம். ஆனால் உங்கள் சிக்கல் வேறு: விண்டோஸ் 7க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் விண்டோஸ் கணினிகளில் பரவியபோதுகூட, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள்.

மேக்குக்குக் காசைக் கொட்ட வேண்டாம். பழைய கணினி ஒன்றில், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, வாடிக்கையாளர் பெண்டிரைவுக்கென்றே வையுங்கள். விண்டோஸ் வைரஸ் அதில் சாதாரணமாக ஓடாது, மறைத்த கோப்புறைகளும் கண்ணில் படும். வேர்டு கோப்பில் தமிழ் எழுத்துரு கொஞ்சம் இடம் மாறலாம், பிடிஎஃப் ஆகக் கேளுங்கள். வங்கிக் கணக்கை மட்டும் அந்தக் கணினியில் திறக்காதீர்கள்.

அப்புறம், பிரிண்டர் மாடலைப் போடுங்கள். லினக்ஸில் ஓடுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.